அடி வாங்கக் கற்றுத்தரும் வகுப்பு அல்ல

"வன்முறையில்லாமல் சண்டையைத் தீர்க்கும் பயிலரங்கு என்பதெல்லாம், அடித்தாலும் வாயை மூடிக்கொண்டு போ என்று உபதேசம் செய்யும் குவேக்கர் மதக் கூட்டம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். (குவேக்கர்கள் என்போர் போரையும் வன்முறையையும் எதிர்க்கும் ஒரு கிறிஸ்தவப் பிரிவினர்.) இதில் பாதிகூட உண்மையில்லை.

இந்தப் பயிலரங்குகளை நடத்தும் 'வன்முறைக்கு மாற்று' திட்டம் (Alternatives to Violence Project) 1975-இல் நியூயார்க் மாநிலத்தின் கிரீன் ஹேவன் சிறையில் தொடங்கியது. குவேக்கர்கள் உதவினார்கள், சரி. ஆனால் பயிற்சி வேண்டும் என்று அவர்களிடம் கேட்டதே கைதிகள்தான். இன்று எந்த மதத்தவரும், மதமே வேண்டாம் என்பவரும் நடத்துகிறார்கள். பிரசங்கம் கிடையாது.

வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவரும் பெயருக்கு முன் ஒரு நல்ல அடைமொழி சேர்த்துக்கொள்வார்கள், 'துணிச்சல் துரை' என்பது மாதிரி. (முதலில் சிரிப்புத்தான் வரும்.) பிறகு சண்டைகளை நடித்துப் பார்ப்பார்கள். "நீ எப்பவுமே இப்படித்தான்" என்று பாயாமல், "நீ சொல்லாமல் போனதில் எனக்குக் கோபம், அடுத்த தடவை சொல்லிவிட்டுப் போ" என்று சொல்லிப் பழகுவார்கள். இதில் வாயை மூடுவது எங்கே இருக்கிறது? கேட்க வேண்டியதை முகத்துக்கு நேரே கேட்கிறார்கள்.

நடத்துகிறவர்கள் தன்னார்வலர்கள் என்பதால் அரைகுறை என்றும் நினைக்க வேண்டாம். அடிப்படை, மேல்நிலை, நடத்துநர் பயிற்சி மூன்றையும் முடித்த பிறகே நடத்த வருகிறார்கள். கைதிகளிலும் அப்படி நடத்துநர் ஆனவர்கள் உண்டு.

வீட்டில் அடிவாங்குகிறவரிடம் போய் "பயிலரங்குக்கு வா, பேசித் தீர்க்கலாம்" என்பது தவறு, அங்கே முதலில் பாதுகாப்பு என்று அந்தக் கருத்தை எழுதியவர் எழுதியிருந்தால் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டிருப்பேன்.