ராயபுரத்துக்கு முதலில் மின்சார வண்டி விடுங்கள்

ஜூலை 1 வந்தால் போதும், சென்னை ராயபுரம் ஸ்டேஷன் படம் முகநூலில் சுற்ற ஆரம்பித்துவிடும். சிவப்புச் சுவர், வெள்ளைத் தூண்கள், "இந்தியாவின் முதல் ரயில் நிலையம்" என்று ஒரு வரி. உடனே கமெண்டில் ஒருவர் சண்டைக்கு வருவார்.

சரி, அந்தப் பஞ்சாயத்தை முதலில் முடித்துவிடுவோம். பம்பாய் – தாணே 1853. ஹவுரா – ஹூக்ளி 1854. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு வண்டி ஓடத் தொடங்கியது 1856 ஜூலை 1. ஆக, முதலாவது இல்லை, தென்னிந்தியாவுக்குத்தான் முதல். ஆனால் முந்தைய இரண்டு தடங்களிலும் புறப்பாட்டு நிலையத்தின் அன்றைய கட்டடம் இன்று இல்லை, இங்கே இருக்கிறது. அந்தப் பெருமை போதாதா? (பயணிகளை விட்டுவிட்டுத் தண்டவாளத்தை மட்டும் கணக்கில் எடுத்தால், 1837லேயே செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் கல் ஏற்றி வந்த பாதை நம்மூரில் இருந்தது. அதற்கு யாரும் ஸ்டேட்டஸ் போடுவதில்லை.)

ஜார்ஜ் டவுன் வியாபாரிகளும் கப்பல் சரக்கும் பக்கத்திலேயே இருந்ததால் ராயபுரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 1873இல் சென்ட்ரல் ஸ்டேஷன் வந்ததும் மவுசு மெல்ல அந்தப் பக்கம் போனது. மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வேயின் தலைமை அலுவலகமும் 1922இல் இங்கிருந்து கிளம்பிவிட்டது. அப்புறம் பல்லாண்டு காலம் கவனிப்பாரில்லை. 2005இல்தான் கட்டடத்தைச் சீரமைத்தார்கள். நல்ல வேலை, குறை சொல்ல மாட்டேன்.

என் வருத்தம் பிளாட்பாரத்தில் நிற்கிறவர்களைப் பற்றியது. காசிமேட்டில் மீன் எடுத்த அம்மாக்கள் அன்னக்கூடையை இறக்கி வைத்துவிட்டு, மீன்மேல் கிடக்கும் ஈரச் சாக்கை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஐஸ் கரைந்து தண்ணீர் தரையில் ஓடும். அடுத்த வண்டி தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் அவர்களுக்கு விலை இறங்கும் நிமிடம்.

ஏன் இவ்வளவு காத்திருப்பு? சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போகும் வண்டிகள் பேசின் பிரிட்ஜ் வழியாகப் போய்விடும், ராயபுரத்தைத் தொடுவதே இல்லை. பீச் ஸ்டேஷனிலிருந்து வடக்கே புறப்படுபவை மட்டும்தான் இங்கே நிற்கும். தெற்கேயிருந்து வரும் தாம்பரம், செங்கல்பட்டு வண்டிகளோ பெரும்பாலும் பீச்சோடு நின்றுவிடும். பீச்சுக்கு அடுத்த ஸ்டேஷனே ராயபுரம்தான்! தெற்கேயிருந்து நேராக வரும் ஒருசில வண்டிகளை விட்டால், மற்ற எல்லாருக்கும் பீச்சில் இறங்கி அடுத்த வண்டிக்கு நிற்பதுதான் விதி.

இங்கே தொலைதூர ரயில்கள் புறப்படும் முனையம் அமைக்க வேண்டும் என்று ஊர்க்காரர்கள் வெகுகாலமாகக் கேட்கிறார்கள். தாம்பரம் சென்னையின் மூன்றாவது முனையமான பிறகும் விடவில்லை. கேட்கட்டும், நியாயம்தான். ஆனால் எனக்கென்னவோ அது இரண்டாவது வேலை என்றே படுகிறது. டெல்லி எக்ஸ்பிரஸ் இங்கிருந்து கிளம்பினால் படம் எடுக்க நன்றாக இருக்கும். வண்ணாரப்பேட்டையிலிருந்து கிண்டிக்கு தினமும் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அதனால் என்ன? தாம்பரம் வண்டிகளில் பாதியையாவது காலையிலும் மாலையிலும் பீச்சில் நிறுத்தாமல் ராயபுரத்தைத் தாண்டியும் ஓட விடுங்கள். அதற்குத் தடம் போதாது என்றால், அடுத்த சீரமைப்புப் பணத்தை பெயின்டுக்குச் செலவழிக்காமல் தடத்துக்குச் செலவழியுங்கள்.