வசவு ஓடிடியில் பிறந்ததா?

“ஓடிடி வந்த பிறகுதான் நம் ஊரில் கெட்ட வார்த்தை புழங்கத் தொடங்கியது; அதற்கு விதியே கிடையாது” என்று அண்ணன் ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே சரியில்லை.

அவையில் சொல்லத் தகாத சொல்லை மறைத்துச் சொல்ல வேண்டும் என்று தொல்காப்பியமே விதி வகுத்திருக்கிறது. நன்னூல் அதை இடக்கரடக்கல் என்கிறது. இல்லாத சொல்லை மறைக்க எதற்கு இலக்கணம்? காரைக்குடிச் சந்தையில் வளர்ந்தவன் நான். ‘கட்டையில் போவான்’, ‘நாசமாய்ப் போவான்’ எல்லாம் தொலைக்காட்சிப் பெட்டி வருவதற்கு முன்பே எங்கள் தெருவில் ஒலித்தவைதான். வைதவர்கள் நல்ல மனிதர்கள். மாலையில் அதே பிள்ளைக்குச் சீடை கொடுப்பார்கள்.

சொல் மட்டும் வசவாகிவிடாது, ஊரும் குரலும் சேர வேண்டும். செட்டிநாட்டில் ‘ஆயா’ என்றால் அம்மாவைப் பெற்றவர். அத்தனை பாசமான அழைப்பு. சென்னையில் அதுவே பள்ளிப் பணிப்பெண்ணுக்கான பெயர், சண்டையில் ஏச்சாகவும் மாறும். படத்தில் அந்தச் சொல் வரும்போது இரண்டு ஊர்க்காரரும் ஒரே மாதிரியா கேட்பார்கள்?

விதி விஷயம்: திரையரங்கப் படத்துக்குப் போல ஓடிடிக்கு முன்தணிக்கை இல்லை, உண்மைதான். ஆனால் இந்திய அரசின் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி 7, 13, 16 வயது வரம்புகளும் பெரியவர்களுக்கு மட்டும் என்ற வகையும் உண்டு. அந்த வகைப்படுத்தலில் மொழியும் கணக்கில் வரும். பிள்ளைகள் பார்க்கக் கூடாது என்று கவலைப்படுகிறீர்கள் அண்ணா, நியாயமான கவலை. அந்த வயதுக் குறியைப் பார்த்துவிட்டுத் திரையைக் கொடுங்கள்.