ஏலியனா, எகிப்து இளவரசனா? ஹாக்மேனைப் பற்றிக் கொஞ்சம் நீளமாக

2025 ஜூலையில் 'சூப்பர்மேன்' படத்துக்கு அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். (படம் இன்னும் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) போரைத் தூண்டிவிட்ட அதிபரை, ஹாக்மேனின் ஜோடியாக காமிக்ஸில் வரும் இறக்கைக்காரி ஹாக்கேர்ல் வானத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறாள். சூப்பர்மேன் மாதிரி இவளும் கொல்லமாட்டாள் என்ற தெம்பில் அவன் பேசுகிறான். நான் சூப்பர்மேன் இல்லை என்று சொல்லிவிட்டுக் கையை விட்டுவிடுகிறாள். தியேட்டரில் ஒரே கூச்சல். வெளியே வரும்போது பையன் கேட்டான்: "மாமா, இந்த இறக்கைக்காரங்க யாரு? ஏலியனா, எகிப்தா? நெட்ல ரெண்டுமே போட்டிருக்கு."

பைக் எடுக்கும்போது பதில் சொல்ல ஆரம்பித்தேன். வீடு வந்து சேர்ந்தும் முடியவில்லை. அன்றைக்குச் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதல் ஹாக்மேன் வந்தது 'ஃப்ளாஷ் காமிக்ஸ்' முதல் இதழில். அட்டையில் 1940 ஜனவரி என்று இருக்கும். மின்னல் வேக ஃப்ளாஷ் அறிமுகமானதும் அதே இதழில்தான். கதை கார்ட்னர் ஃபாக்ஸ், ஓவியம் டென்னிஸ் நெவில். பழங்கால ஆயுதங்களைச் சேகரிக்கும் கார்ட்டர் ஹால் என்ற அமெரிக்கனுக்குத் தன் முற்பிறவி நினைவு வருகிறது. அவன் எகிப்து இளவரசன் கூஃபூவாக இருந்தவன். ஹாத்-செட் என்ற பூசாரி அவனையும் அவன் காதலியையும் கொன்றுவிட்டான். இப்போது மூவருமே மறுபடி பிறந்திருக்கிறார்கள், பகையும் காதலும் விட்ட இடத்திலிருந்து தொடர்கின்றன. அவனைப் பறக்கவைப்பது புவியீர்ப்பை எதிர்க்கும் ஓர் உலோகம். பின்னாளில் அதற்கு 'என்த் மெட்டல்' என்ற பெயர் நிலைத்தது. இறக்கைகள் திசை திருப்பத்தான்.

நமக்கு மறுபிறவிக் கதை புதிதில்லை. ஆனால் 1940-ல் நியூயார்க்கிலிருந்து வெளிவந்து பத்து சென்டுக்கு விற்ற ஒரு சிறுவர் புத்தகத்தில் இதை வைத்தது பெரிய துணிச்சல். அந்தத் துணிச்சலுக்குப் பலனும் கிடைத்தது. ஷெல்டன் மோல்டாஃபும் அவருக்குப் பின் இளைஞரான ஜோ கியூபர்ட்டும் வரைய வரைய அவன் வளர்ந்தான். 'ஆல் ஸ்டார் காமிக்ஸ்' இதழில் வந்த ஜஸ்டிஸ் சொசைட்டி கதைகள் ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் இருந்தவன் ஹாக்மேன் ஒருவன்தான். அந்தக் குழுவுக்குத் தலைவனாகவும் ஆனான். அவனை இரண்டாம் வரிசை ஹீரோ என்று சொல்பவர்களுக்கு இது தெரியாது.

1951-ல் அந்த இதழ் நின்றது. பத்து வருஷம் கழித்து ஆசிரியர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் பழைய ஹீரோக்களுக்கு அறிவியல் சாயம் பூசிக்கொண்டிருந்தபோது ஹாக்மேன் முறை வந்தது. 1961, 'தி பிரேவ் அண்ட் தி போல்ட்' 34-ஆவது இதழ். எழுதியவர் அதே ஃபாக்ஸ், வரைந்தவர் அதே கியூபர்ட். ஆள்தான் வேறு. இவன் தனகார் என்ற கோளின் போலீஸ்காரன், பெயர் கட்டார் ஹோல். பித் என்ற உருமாறும் திருடனைத் துரத்திக்கொண்டு மனைவி ஷயேராவோடு பூமிக்கு வருகிறான். வந்த வேலை முடிந்ததும் பூமி போலீஸ் எப்படி வேலை செய்கிறது என்று கற்றுக்கொள்ளத் தங்கிவிடுகிறார்கள். பகலில் அருங்காட்சியகத்தில் உத்தியோகம், ஆபத்து வந்தால் அங்கே கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் கதாயுதமோ ஈட்டியோ எடுத்துக்கொண்டு பறப்பார்கள். விண்கலத்தில் வந்தவன் கையில் பழங்காலக் கதாயுதம்! எனக்கு இது எப்போதும் பிடிக்கும். அதைவிடப் பிடித்தது, இருவரும் சமமான கூட்டாளிகளாக வேலைக்குப் போகிற தம்பதி என்பது. அந்தக் காலத்து காமிக்ஸில் எத்தனை ஹீரோயின்களுக்கு அந்த இடம் கிடைத்தது?

ஆக, ஒரே பெயரில் இரண்டு பேர். ஆனாலும் இருபது வருஷத்துக்கு மேல் இது யாருக்கும் பிரச்சினையாக இல்லை. எகிப்துக்காரன் ஒரு பூமியில், தனகார்க்காரன் இன்னொரு பூமியில் என்று பதிப்பாளரான டிசி காமிக்ஸ் வைத்திருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு பூமி ஹீரோக்களின் குழுக்களும் (அங்கே ஜஸ்டிஸ் சொசைட்டி, இங்கே ஜஸ்டிஸ் லீக்) சந்தித்துக்கொள்வதே வாசகர்களுக்குத் திருவிழாவாக இருந்தது. 1985-ல் தொடங்கிய 'க்ரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' என்ற தொடர் எல்லாப் பூமிகளையும் இடித்து ஒன்றாக்கியது. குழப்பத்தைத் தீர்க்கத்தான் செய்தார்கள். அது மொத்தமாக வந்து விடிந்தது ஹாக்மேன் தலையில்.

அதற்குப் பிறகு வந்த ஒரு புத்தகத்தைப் பற்றி ஆற அமரச் சொல்ல வேண்டும். 1989-ல் மூன்று பாகமாக வந்த 'ஹாக்வேர்ல்ட்'. எழுதி வரைந்தவர் திமோதி ட்ரூமன். ஷ்வார்ட்ஸ் காலத்துத் தனகார் ஒரு பளபளப்பான முன்னேறிய உலகம், அவ்வளவுதான். அந்த முன்னேற்றம் எங்கிருந்து வந்தது என்று கேட்டவர் ட்ரூமன். அவருடைய தனகார் மற்ற கோள்களைப் பிடித்துச் சுரண்டிக் கொழுத்த பேரரசு. மேல்குடி மக்கள் வானளாவிய கோபுரங்களில் வாழ்கிறார்கள். பிடித்த கோள்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் கீழே, வெளிச்சம் எட்டாத 'டவுன்சைட்' சேரியில் கிடக்கிறார்கள். கோபுரத்திலிருந்து சேரிக்குள் பாய்ந்து அடித்து அடக்கிவிட்டு மேலே திரும்பும் போலீசுக்குத்தான் இறக்கை.

நின்று யோசித்துப் பாருங்கள். ஐம்பது வருஷமாகச் சுதந்திரத்தின் அடையாளமாக வரையப்பட்ட அதே இறக்கைகள். கீழே நிற்பவன் கண்ணில் அவை என்னவாகத் தெரியும் என்று அதுவரை ஒருவரும் வரைந்து காட்டவில்லை. சேரியில் வளர்ந்த குழந்தைக்கு இறக்கைச் சத்தம் கேட்டால் என்ன செய்யத் தோன்றும்? ஓடி ஒளியத்தான் தோன்றும்.

கட்டார் ஹோல் இதில் மேல்குடிப் பிள்ளை. மனசாட்சி உறுத்துகிறது, ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் போதையில் விழுகிறான். பித்தின் சூழ்ச்சியில் சிக்கிச் சொந்தத் தகப்பனையே கொன்றுவிடுகிறான். நாடு கடத்தப்பட்டு, ஒரு தீவில் எல்லாம் இழந்து கிடந்து, அதற்கப்புறம்தான் மனிதனாகத் திரும்புகிறான். ஷயேராவும் இதில் கணவன் பின்னால் வந்த மனைவி இல்லை, தனியாக நிற்கும் காவல் அதிகாரி. நல்லவனை இப்படி அழுக்காக்கிவிட்டார்களே என்று வருத்தப்படும் பழைய ரசிகர்கள் இன்றும் உண்டு. நான் அதை ஒருபோதும் ஏற்கமாட்டேன். 1961-ன் கட்டார் நல்லவன், ஏனென்றால் கதை அவனை நல்லவன் என்று சொல்லிவிட்டது. 1989-ன் கட்டார் ஒவ்வொரு பக்கத்திலும் அதற்கு விலை கொடுக்கிறான். எனக்கு ஹீரோ இவன்தான்.

டிசி அடுத்த வருஷமே செய்த காரியம்தான் தாங்கவில்லை. 'ஹாக்வேர்ல்ட்' பழைய காலத்தில் நடந்த கதையாக இருந்திருந்தால் ஒரு சிக்கலும் இல்லை. மாத இதழாக்கியபோது, கட்டாரும் ஷயேராவும் இப்போதுதான் முதன்முதலாகப் பூமிக்கு வருகிறார்கள் என்று வைத்துவிட்டார்கள். ஜான் ஆஸ்ட்ராண்டர் எழுதிய அந்த இதழ்கள் அருமையானவை, அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் இத்தனை வருஷமாக ஜஸ்டிஸ் லீக்கில் இருந்த ஹாக்மேன் யார்? ஆரம்ப வருஷங்களில் கார்ட்டர் ஹால், பிந்தைய வருஷங்களில் அவர் மகன் என்று நடித்த ஃபெல் ஆண்டார் என்ற தனகார் உளவாளி என்று பதில் சொன்னார்கள். அந்த ஓட்டையை அடைக்க இன்னொன்று, அதை அடைக்க மற்றொன்று. 1994-ல் 'ஜீரோ ஹவர்' கதையில் எல்லா ஹாக்மேன்களையும் ஒரே உடம்பில் உருக்கி ஊற்றினார்கள். அதுவும் நிற்கவில்லை. கடைசியில் அந்தப் பாத்திரத்தைத் தொடவே வேண்டாம் என்று ஒதுக்கி வைத்தார்கள். கிராண்ட் மாரிசன் ஜஸ்டிஸ் லீக் எழுதும்போது இறக்கையுள்ள ஒருவன் வேண்டுமென்று ஸாரியல் என்ற தேவதூதனைப் புதிதாகப் படைக்க வேண்டியிருந்தது. 1940-லிருந்து இருக்கும் ஒருவன், நிர்வாகத்தின் கணக்குப் பிழையால் வெளியே நின்றான்.

முரண்பாடு ஹாக்மேனின் நோய் இல்லை. வைத்தியம்தான் நோயாகிப் போனது. இந்தப் பதிவில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

2001-ல் ஜெஃப் ஜான்ஸும் டேவிட் கோயரும் ஜேஎஸ்ஏ (ஜஸ்டிஸ் சொசைட்டி) இதழில் கார்ட்டர் ஹாலை மீட்டுக்கொண்டு வந்தார்கள். எல்லாப் பிறவி நினைவோடும் வந்தான். அந்த மீட்பை எல்லோரும் புகழ்கிறார்கள். எனக்கு அதில் முக்கியம் கார்ட்டர் இல்லை, கென்ட்ரா சாண்டர்ஸ். இவள்தான் புது ஹாக்கேர்ல். ஆயிரமாயிரம் வருஷக் காதலியின் ஆன்மா இவளுக்குள் இருக்கிறது, ஆனால் இவளுக்கு ஒரு பிறவியும் ஞாபகம் இல்லை. கார்ட்டர் அவளைப் பார்க்கும் பார்வையில் எல்லா ஜென்மமும் இருக்கிறது. அவளுக்கு அவன் முந்தாநாள் அறிமுகமானவன். அறுபது வருஷமாக இந்தக் கதையில் விதி என்ற பெயரில் அந்தப் பெண்ணுக்காக வேறு யாரோ முடிவெடுத்து வந்தார்கள். முதன்முதலாக அவள் நிமிர்ந்து, உன் ஞாபகம் உன்னோடு, என் வாழ்க்கை என்னோடு என்று நிற்கிறாள்.

படித்தபோது மணிமேகலை நினைவுக்கு வந்தாள். உதயகுமரன் முற்பிறவியில் தன் கணவன் இராகுலனாக இருந்தவன் என்று மணிபல்லவத்தில் அவளுக்குத் தெரியவருகிறது. நெஞ்சு அவன் பக்கம் சாயவும் செய்கிறது. இருந்தும் அவள் கையில் அமுதசுரபியோடு தன் வழியில் போகிறாள். கென்ட்ராவுக்கு அந்த ஞாபகம்கூட இல்லை. அவளை எந்த நியாயத்தில் கட்டிப்போட முடியும்?

கட்டித்தான் போட்டார்கள். 'பிளாக்கஸ்ட் நைட்' கதையில் இருவரும் கொல்லப்பட்டு, 2010-ல் அதன் முடிவில் உயிர்த்தெழுந்தபோது, முகமூடியைக் கழற்றிய பெண் கென்ட்ரா இல்லை. பழைய நினைவுகளோடு ஷியேரா, கார்ட்டரின் 1940 காலத்துக் காதலி. கார்ட்டர் கேட்டது கிடைத்துவிட்டது, கென்ட்ரா காணாமல் போனாள். பத்து வருஷமாக மறுத்த ஒரு பெண்ணை அழித்துவிட்டு, சம்மதிக்கிற பெண்ணை அந்த இடத்தில் வைத்தார்கள். இதைக் காதல் கதையின் இனிய முடிவு என்று எழுதியவர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம் ஆறவில்லை. கென்ட்ரா பிறகு திரும்பிவந்தாள், 2018-ல் ஜஸ்டிஸ் லீக்கில் முக்கிய உறுப்பினராக. 2025 படத்தில் இசபெலா மெர்செட் நடித்ததும் அவள் பெயரில்தான். ஆறுதல்.

கார்ட்டூன் ஜஸ்டிஸ் லீக்கில் 2004-ல் வந்த 'ஸ்டார்கிராஸ்ட்' பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஹாக்கேர்ல் இத்தனை நாள் தனகார் அனுப்பிய உளவாளியாகத்தான் நம்மோடு இருந்தாள் என்று தெரிந்த நாள். அவளுக்கு நிச்சயிக்கப்பட்ட தளபதியின் பெயர் ஹ்ரோ டலாக். ஆங்கில எழுத்துகளை மாற்றிப் போட்டால் கட்டார் ஹோல்! பழைய நாயகனை வில்லன் பக்கம் நிறுத்தி, கதையை முழுக்க அவளிடம் கொடுத்துவிட்டார்கள். பூமி அழியப்போகிறது என்று தெரிந்ததும் அவள் தன் சொந்த மக்களுக்கு எதிராகத் திரும்புகிறாள். அதனால் இரு பக்கமும் துரோகி ஆகிறாள். முடிவில் தன்னைப் பற்றி நண்பர்கள் போட்ட ஓட்டின் முடிவைக் கேட்காமலேயே விலகிப் போகிறாளே, அந்தக் காட்சியில் அழுதேன்.

கடைசியாக, ராபர்ட் வெண்டிட்டி எழுத, பிரையன் ஹிட்ச் வரைய ஆரம்பித்த 2018-ன் ஹாக்மேன். எகிப்தா தனகாரா என்ற கேள்வியை வெண்டிட்டி சண்டைக்கு இழுக்கவே இல்லை. கார்ட்டர் மறுபடி மறுபடி பிறப்பது காலத்தைத் தாண்டி மட்டுமில்லை, இடத்தைத் தாண்டியும்தான் என்று ஒரே வரி. கூஃபூவும் அவன்தான், கட்டார் ஹோலும் அவன்தான், நாம் கேள்விப்படாத கோள்களில் பிறந்தவர்களும் அவன்தான். முப்பது வருஷம் நிபுணர்கள் வெட்டி ஒட்டியதை இவர் அப்படியே மடியில் வாங்கிக்கொண்டார்.

அதோடு நின்றிருந்தால் கெட்டிக்காரத்தனம் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். அவர் அடுத்து கேட்டது, இவன் மட்டும் ஏன் திரும்பத் திரும்பப் பிறக்கிறான் என்று. பதில் முதல் பிறவியில் இருக்கிறது. கூஃபூவுக்கும் முன்னால் அவன் பெயர் 'க்டார்', உலகம் உலகமாக அழித்த டெத்பிரிங்கர் படையின் தலைவன். உணர்ந்து திருந்தி மாண்டபோது, கொன்றது எத்தனை உயிரோ அத்தனை உயிரைக் காப்பாற்றும்வரை பிறந்துகொண்டே இருப்பதென்று ஏற்றுக்கொள்கிறான். 1940-ல் காதலுக்குக் கிடைத்த வரமாகத் தொடங்கிய மறுபிறவி, இங்கே தீராத கடனாக மாறியிருக்கிறது. கோபுரத்திலிருந்து சேரியைப் பார்த்த ட்ரூமனின் கட்டாரும், கணக்கு எழுதிக்கொண்டே பிறக்கும் இந்தக் கார்ட்டரும் ஒரே கேள்வியைத்தான் சுமக்கிறார்கள்: இந்த இறக்கையை வைத்து நீ யாருக்கு என்ன செய்தாய்?

'பிளாக் ஆடம்' படத்திலும் 2022-ல் அந்தக் கேள்வி எட்டிப் பார்த்தது. ஆல்டிஸ் ஹாட்ஜ் நடித்த ஹாக்மேன் கம்பீரமாக வந்து இறங்குகிறான். அந்த ஊர்ப் பெண் அவனைக் கேட்கிறாள், எங்களை அந்நியர்கள் மிதித்துக்கொண்டிருந்த இத்தனை வருஷமும் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று. படத்திலேயே நல்ல இடம் அதுதான். பதில் சொல்லாமல் சண்டைக்குப் போய்விட்டார்கள்.

அக்கா மகனுக்கு 'ஹாக்வேர்ல்ட்' புத்தகத்தைக் கொடுத்தனுப்பினேன். நாலு நாள் கழித்து ராத்திரி போன் பண்ணினான். முதல் பாகம் முடித்திருந்தான். "மாமா, எகிப்து இன்னும் வரவே இல்லையே" என்றான். வராது, படி என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "கீழ இருக்கறவங்க பேரெல்லாம் ஏன் மாமா கட்டாருக்குத் தெரியவே மாட்டேங்குது?" என்று கேட்டான்.

இரண்டாம் பாகத்தைப் படித்துவிட்டுக் கூப்பிடு என்று சொல்லியிருக்கிறேன்.