புரோக்கர் யாரிடம் பணம் வாங்குகிறார் என்று முதலில் கேளுங்கள்

"கமிஷனை ரெண்டு பர்சன்ட்ல இருந்து ஒண்ணாக் குறைச்சுட்டோம்" என்று வீடு வாங்கியவர்கள் சந்தோஷமாகச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கவலையாக இருக்கிறது. அந்த ஒரு பர்சன்டை புரோக்கர் விட்டுக்கொடுத்துவிட்டார் என்று நம்புகிறார்கள். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் நான் பார்த்தவரை அது பெரும்பாலும் வேறு வழியில் வசூலாகிவிடுகிறது.

வழி இதுதான். வீட்டுக்காரரிடம் "உங்க கைக்கு எவ்வளவு வந்தா போதும்?" என்று கேட்பார்கள். அவர் நாற்பது லட்சம் என்பார். அதுதான் நெட் ரேட். வாங்குபவரிடம் நாற்பத்தைந்து சொல்லி, பேரம் பேசி, நாற்பத்து மூன்றில் முடிப்பார்கள். நடுவில் நிற்கும் மூன்று லட்சம் இரு தரப்புக்கும் தெரியாது. அதற்கு மேல் இரண்டு பேரிடமும் கமிஷன் தனி. வாங்குபவர் ஒரு பர்சன்டை குறைத்து நாற்பத்து மூவாயிரம் மிச்சம் பிடித்த மகிழ்ச்சியில் வீட்டுக்குப் போவார்.

என் பெரியப்பா தருமபுரியில் வீட்டை விற்றபோது இதேதான் நடந்தது. அட்வான்ஸ் முழுக்க புரோக்கர் கை வழியாக வந்தது. வாங்கியவரும் பெரியப்பாவும் உட்கார்ந்து பேசியதே இல்லை. "அவங்க கொஞ்சம் கோவக்காரங்க, நானே பேசிக்கிறேன்" என்று புரோக்கர் இரண்டு பக்கமும் சொல்லி வைத்திருக்கிறார். பல மாதம் கழித்து ஒரு கல்யாணத்தில் இருவரும் பேசிக்கொண்டபோதுதான் தொகை வித்தியாசம் தெரிந்தது. பெரியம்மாவின் ஆபரேஷனுக்காக விற்ற வீடு அது. இன்றைக்கு நினைத்தாலும் கோபம் வருகிறது.

அதனால் புரோக்கரைத் தேர்ந்தெடுக்க என்னிடம் யாராவது யோசனை கேட்டால், முதலில் இரண்டு விஷயம் கேட்கச் சொல்கிறேன். "இந்த வியாபாரத்தில் யார் யாரிடம் எவ்வளவு வாங்குகிறீர்கள்?", "எதிர்த் தரப்பை எப்போது நேரில் பார்க்கலாம்?" நேர்மையான ஆள் இரண்டுக்கும் தயங்காமல் பதில் சொல்வார். எங்கள் பக்கம் ஒன்று அல்லது இரண்டு பர்சன்ட் கேட்பது வழக்கம், பேசி வைத்துக்கொள்வதுதான். அவர் கேட்பதைக் கொடுங்கள். ஆனால் வெளிப்படையாகக் கொடுங்கள், ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, பேங்க் மூலமாகக் கொடுங்கள்.

புரோக்கர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். வீட்டைக் காட்டிய பிறகு, வாங்குபவர் பின்பக்கமாக ஓனரிடம் போய்ப் பேசி முடித்துவிட்டு "நாங்க வேற வீடு பார்த்துட்டோம்" என்று சொல்வது இங்கே சர்வசாதாரணம். மாதக்கணக்கில் வெயிலில் பைக்கில் அலைந்தவருக்குப் பெட்ரோல் காசு கூடக் கிடைக்காது. இந்தப் பயத்தில்தான் பலர் சர்வே நம்பரைக் கூடச் சொல்வதில்லை, ஓனரைக் காட்டுவதும் இல்லை. நெட் ரேட் வியாபாரம் வளர்ந்ததில் நம்முடைய பங்கும் இருக்கிறது என்றுதான் நான் சொல்வேன். கமிஷனை முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட்டால் அவருக்கும் பயம் இல்லை, சர்வே நம்பரைக் கேட்க நமக்கும் உரிமை வந்துவிடும்.

சர்வே நம்பர் கைக்கு வந்துவிட்டால் பாதி வேலை உட்கார்ந்த இடத்திலேயே முடிகிறது. சொத்தின் மேல் பதிவான கிரயம், அடமானம் எல்லாவற்றையும் காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பட்டா, சிட்டா, அ-பதிவேடு எல்லாம் ஆன்லைனில் இருக்கின்றன. ஆனால் வில்லங்கத்தில் எதுவும் இல்லை என்பதாலேயே சிக்கல் இல்லை என்று ஆகாது. பதிவு செய்யாத உயில், வாய்மொழிக் குத்தகை, கோர்ட்டில் நடக்கும் பாகப்பிரிவினை வழக்கு போன்றவை அதில் வராமல் போகலாம். அங்கேதான் உள்ளூர் புரோக்கரின் உண்மையான மதிப்பு இருக்கிறது.

தருமபுரி மாதிரி ஊரில் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் அனுபவசாலி புரோக்கருக்கு எந்த வீட்டில் அண்ணன் தம்பி பேசிக்கொள்வதில்லை, எந்தச் சொத்துக்குக் கட்டிக்கொடுத்த தங்கைகள் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அத்துபடி. அவர் அதை உங்களிடம் சொல்கிறாரா, மறைக்கிறாரா என்பதை வைத்தே ஆளை எடை போட்டுவிடலாம். "பொண்ணுங்க கல்யாணம் ஆகிப் போயிட்டாங்க, அவங்க கையெழுத்தெல்லாம் தேவையில்லை" என்று எவராவது சொன்னால் அந்த நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் கொண்டுவந்தது. 2005-ல் மத்திய சட்டமும் திருத்தப்பட்டது. பெண்கள் கையெழுத்து இல்லாமல் வாங்கிய வீட்டுக்குப் பல வருடம் கழித்து நோட்டீஸ் வந்து, கட்டிய பணத்துக்கும் நிம்மதிக்கும் சேர்த்து கோர்ட்டுக்கு அலையும் குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. கையெழுத்து கேட்கப்படாத அந்தப் பெண்களுக்கு நடக்கும் அநியாயம் அதைவிடப் பெரியது.

ஓசூர் கதை வேறு. அங்கே வாங்குபவர்கள் பாதிப் பேருக்கு மேல் வெளியூர். பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்ப்பவர்கள், டைட்டன், டிவிஎஸ், அசோக் லேலண்ட் என்று வந்து தங்கிவிட்டவர்கள், இப்போது டாடா எலக்ட்ரானிக்ஸ் வந்த பிறகு இன்னும் அதிகம். மண்ணையும் தெரியாது, மனிதர்களையும் தெரியாது. அவர்களிடம் விற்கப்படுவது பெரும்பாலும் வருங்காலம். 2024 ஜூனில் ஓசூருக்கு 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்று முதலமைச்சர் சட்டசபையில் அறிவித்தார். அடுத்த நாளிலிருந்து பாகலூர் ரோடு, ராயக்கோட்டை ரோடு, சூளகிரி என்று எந்த மனையைப் பார்க்கப் போனாலும் "ஏர்போர்ட் பக்கத்துல" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கிறது. அறிவிப்பு உண்மைதான். ஆனால் உங்கள் பிள்ளைக்கு ஸ்கூல் பஸ் வருமா, வெயில் காலத்தில் போர்வெல்லில் தண்ணீர் இருக்குமா, தண்ணீர் லாரி எவ்வளவு கேட்கிறான் என்பதற்கு அந்த அறிவிப்பு பதில் சொல்லாது. இன்றைக்கு இருக்கும் ரோட்டையும் தண்ணீரையும் பற்றிப் பேசும் புரோக்கரோடு போங்கள்.

லே-அவுட்டில் மனையோ புது வீடோ என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் கேட்பது அவசியம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடம் அல்லது எட்டு வீட்டுக்கு மேல் உள்ள திட்டம் என்றால் பதிவு கட்டாயம். அப்படிப் பதிவான திட்டத்தில் விற்றுக் கொடுக்கும் ஏஜென்டும் 2016 சட்டப்படி தனியாகப் பதிவு செய்திருக்க வேண்டும். தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் பெயரைப் போட்டால் தெரிந்துவிடும். ஆனால் தெருவில் இருக்கும் ஒரு பழைய வீட்டைக் கைமாற்றிவிடும் புரோக்கருக்கு இந்தப் பதிவு தேவையில்லை. எனவே ரெரா எண் இல்லை என்பதற்காக அவரை ஏமாற்றுக்காரர் என்று முடிவு கட்டாதீர்கள். எண் இருக்கிறது என்பதற்காக லே-அவுட் ஏஜென்டை அப்படியே நம்பிவிடவும் வேண்டாம்.

"பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு சார்" என்பது இன்னொன்று. பஞ்சாயத்துத் தலைவர் சீல் போட்ட லே-அவுட் வரைபடம் அங்கீகாரம் ஆகாது. நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதிதான் அங்கீகாரம். 2016 அக்டோபர் 20-க்கு முன்பு அனுமதி இல்லாமல் போட்ட மனைகளை முறைப்படுத்த வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தார்கள். அதன்படி வரன்முறை செய்த உத்தரவு இருக்கிறதா என்று கேளுங்கள். பட்டா இருந்தால் போதும் என்பார்கள். போதாது. பேங்க்கில் லோன் கேட்கப் போகும்போது தெரியும்.

பவர், அதாவது ஓனருக்குப் பதிலாக விற்க இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம், அந்த விஷயத்திலும் கவனம். உங்களிடம் புரோக்கர் என்று பேசுபவரே சில லட்சம் அட்வான்ஸ் கொடுத்து, ஓனரிடம் பவர் பத்திரம் எழுதி வாங்கி வைத்திருப்பார். அப்போது அவர் தரகர் இல்லை, வியாபாரி. அது குற்றம் இல்லை, ஆனால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பவரை வைத்து விற்பது வேறு, பவரையே கிரயம் மாதிரி கைமாற்றுவது வேறு. இரண்டாவது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. ஓனர் உயிரோடு இருக்கிறாரா, பவர் ரத்தாகவில்லையா என்று பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

விற்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். பத்து புரோக்கரிடம் சொன்னால் சீக்கிரம் விற்கும் என்று நினைக்கிறோம். பத்து பேரும் பத்து விலையில் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார்கள். ஒரே வீடு முப்பத்தெட்டுக்கும் நாற்பத்தைந்துக்கும் சுற்றினால் "அந்த வீட்டுல ஏதோ பிரச்சினை போல" என்ற பேச்சுதான் மிஞ்சும். ஒருவர், மிஞ்சினால் இரண்டு பேரிடம், மூன்று மாதம் என்று கெடு வைத்துக் கொடுங்கள். ஒரிஜினல் பத்திரத்தை எவரிடமும் கொடுக்க வேண்டாம். ஜெராக்ஸ் கொடுத்தால் கூட எதற்காக, எந்தத் தேதியில் என்று அதன் மேலேயே எழுதிக் கொடுங்கள்.

அட்வான்ஸ் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவே கூடாது, வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். "எதுக்கு சார் வீண் செலவு, இருபது ரூபா பத்திரத்துல எழுதிக்கலாம்" என்று சொல்லும் ஆள் உங்கள் செலவை நினைத்துச் சொல்லவில்லை. ஒப்பந்தம் பதிவானால் உண்மையான விலை வெளியே தெரிந்துவிடும், நெட் ரேட் நடக்காது.

இதற்கெல்லாம் மத்தியில் நல்ல புரோக்கர்கள் இருக்கிறார்கள். என் தங்கை ஓசூரில் மத்திகிரி பக்கம் வீடு வாங்கியபோது வந்தவர், முதலில் பிடித்துப்போன வீட்டை "இது வேண்டாம்மா, இந்தத் தெரு மழைக்குத் தாங்காது" என்று தானே தடுத்தார். அன்றைக்கு அவருக்கு வர வேண்டிய கமிஷன் போனது. கடைசியில் வேறு வீடு முடிந்தபோது, கமிஷனில் பாதியைப் பதிவு அன்றும், மீதியை பட்டா மாறுதல், வீட்டு வரி, கரண்ட் கனெக்ஷன் மூன்றும் தங்கை பேருக்கு வந்த பிறகும் வாங்கிக்கொள்கிறேன் என்று அவரே சொன்னார். அதே மாதிரி மின்வாரிய ஆபீஸுக்கும் கூடவே வந்தார். உங்களுக்குக் கிடைக்கும் புரோக்கரிடம் இந்த ஏற்பாட்டை நீங்களே கேட்டுப் பாருங்கள். சம்மதித்தால் அதையும் அந்த வெள்ளைத் தாளில் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.