பொண்டாட்டி சம்பளம் யார் சம்பளம்?

2021 ஜனவரி, பொங்கல் முடிந்த மறு வாரம். கிராம நிர்வாக அலுவலக வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனேன். கையில் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகைக்கான படிவம். வாங்கிப் பார்த்தவர் என் படிப்பையும் பார்க்கவில்லை, பதிவு எண்ணையும் பார்க்கவில்லை. நேரே, "வீட்டுல என்ன பண்ணுதாவ?" என்றார்.

"ஆஸ்பத்திரியில பில் போடுதா சார்."

"சம்பளம்?"

"9,500."

பேனாவை மூடி வைத்துவிட்டார். "வருசத்துக்கு 1,14,000 வருதுல்லா தம்பி. 72,000க்கு மேல போனா நாங்க கையெழுத்துப் போட முடியாது. நீங்க நல்லாத்தான இருக்கிய?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. விதியைச் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் அதற்கு முந்தின வாரம் சமாதானபுரம் டீக்கடையில் ஒரு அண்ணாச்சி சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான். "ஒனக்கென்னப்பா, வீட்டுக்காரி சம்பாதிக்கா." டீக்கடையில் வாய்ப்பேச்சாகச் சொன்னதை அரசாங்கம் படிவத்தில் ஒரு கட்டமாகப் போட்டு வைத்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். 2006-ல் தொடங்கிய தமிழ்நாடு அரசுத் திட்டம் இது. பத்தாம் வகுப்பு தேறாதவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டப்படிப்புக்கு 600. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வங்கிக் கணக்கில் போடுவார்கள், அதிகபட்சம் 3 வருடம். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து 5 வருடம் காத்திருந்திருக்க வேண்டும். எஸ்.சி., எஸ்.டி.க்கு 45 வயது, மற்றவர்களுக்கு 40 வயது தாண்டக் கூடாது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையில்தான் எல்லாச் சங்கதியும் இருக்கிறது.

72,000ஐ 12-ஆல் வகுத்தால் மாதம் 6,000. எங்கள் வீட்டில் நான்கு பேர். தலைக்கு 1,500. ஒரு நாளைக்கு 50 ரூபாய். ஒரு ஆள் காலையில் இரண்டு இட்லி தின்று மத்தியானம் ஒரு அளவுச் சாப்பாடு சாப்பிட்டால் அன்றைய கணக்கு முடிந்தது. இதற்கு மேல் ஒரு ரூபாய் வந்தாலும் அந்த வீட்டில் வேலையில்லாதவனே கிடையாது. பட்டதாரி ஒருத்தி எந்த வேலைக்குப் போனாலும், ஜவுளிக்கடையில் நின்றால்கூட, அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவாள். அதாவது மனைவி வீட்டில் இருந்தால்தான் எனக்கு வேலை இல்லை என்று அரசாங்கம் நம்பும்.

எனக்கு அப்போது 38 வயது. பி.எஸ்சி. முடித்து 2004-ல் பதிந்தேன். மூன்று வருடத்துக்கு ஒரு முறை தவறாமல் புதுப்பித்தேன். அரசு வேலைக்கான கடிதம் ஒன்றுகூட வரவில்லை, அது வேறு கதை. பக்கத்தில் ஒரு நூற்பாலையில் தரம் பார்க்கும் பிரிவில் 14 வருடம் இருந்தேன். கடைசிச் சம்பளம் 12,000. 2020 ஊரடங்கு தளர்ந்து ஆலை திறந்தபோது பாதிப் பேரைத்தான் திரும்பக் கூப்பிட்டார்கள். நான் மற்றப் பாதியில் இருந்தேன்.

இந்த உதவித்தொகைக்கு முன்னால் இன்னொரு இடத்தில் பணம் வாங்கியிருக்கிறேன். அதைச் சொன்னால்தான் நான் சொல்ல வருவது புரியும்.

இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டில் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்று ஒரு திட்டம், 2018-ல் வந்தது. வாயில் நுழையாத பெயர்தான். இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள தொழிலாளிக்கு வேலை போனால் சராசரி தினச் சம்பளத்தில் 25 சதவீதத்தை 90 நாள் வரைக்கும் கொடுப்பார்கள். வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். கொரோனா வந்ததும் 25-ஐ 50 ஆக்கினார்கள். கூட வேலை பார்த்த ஒருத்தன் சொல்லித்தான் எனக்குத் தெரியும், ஆலையில் யாரும் சொல்லவில்லை. எனக்கு நாள் சம்பளம் 400, அதில் பாதி 200. 90 நாளைக்கு 18,000 ரூபாய் கணக்கில் வந்தது.

அந்த விண்ணப்பத்தில் ஆதார் கேட்டார்கள், வங்கிப் புத்தக நகல் கேட்டார்கள், உறுதிமொழிப் பத்திரம் கேட்டார்கள். மனைவி என்ன செய்கிறாள் என்று யாருமே கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. மாதம் 12,000 சம்பளத்தில் 0.75 சதவீதம், 90 ரூபாய், என் சம்பளச் சீட்டில் பிடித்தார்கள். முதலாளி 3.25 சதவீதம் போட்டார். என் துட்டு போன இடத்திலிருந்து எனக்குத் துட்டு வந்தது. அங்கே நான் தனி ஆள்.

அதே நான், அதே வேலையில்லாமை, அடுத்த மாதம் வேலைவாய்ப்பு அலுவலகப் பக்கம் திரும்பினால் தனி ஆள் இல்லை. ஒரு குடும்பத்தின் கால்வாசி.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது அவள் இரவு டியூட்டி முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். முகக்கவசத்தின் நாடா காதுக்குப் பின்னால் தோலை உரித்திருந்தது, அதில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே கேட்டாள். "எனக்குச் சம்பளம் வந்தா ஒங்களுக்கு வேல கிடைச்ச மாதிரியாங்க?"

பதில் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். அந்த ஒன்றரை வருடம் நான் ஒரு டைரி வைத்திருந்தேன். ஒரு விதைக் கம்பெனி ஓசியில் கொடுத்த டைரி. பெட்ரோல் 100. முடிவெட்ட 80. ஜெராக்ஸ் 14. கல்யாண வீட்டு மொய் 200. அவளிடம் வாங்கின ஒவ்வொரு ரூபாயையும் எழுதினேன். அவள் ஒரு நாளும் எதற்கு என்று கேட்டதில்லை, பர்ஸைத் திறந்து கொடுத்துவிடுவாள். ஆனாலும் கேட்டு வாங்குகிற துட்டுக்கும் சட்டைப் பையில் இருக்கிற துட்டுக்கும் உள்ள தூரம் வேலை போனவனுக்குத்தான் தெரியும். ஒரு வேலைக்கு நேர்காணலுக்குப் போக சாத்தூர் வரைக்கும் பஸ் காசு கேட்பதற்கு அடுக்களை வாசலில் பத்து நிமிடம் நின்றிருக்கிறேன். மாதம் 600 ரூபாய் வந்திருந்தால் வீட்டு வாடகைக்கு ஆகாது. அந்தப் பத்து நிமிடத்துக்கு ஆகியிருக்கும்.

என் கதையாவது பரவாயில்லை. என் கொழுந்தியாள் எம்.ஏ., பி.எட். அவள் வீட்டுக்காரர் சவூதியில் இருக்கிறார். வருமானச் சான்றிதழில் கணவர் வருமானம் ஏறிவிடும், இவள் படிவத்தைத் தொடக்கூட முடியாது. ஊர் கண்ணுக்கு அவள் பெரிய இடத்துப் பொம்பளை. ஆனால் பணம் வருவது மாமியார் கணக்குக்கு. ஆசிரியர் தகுதித் தேர்வான டெட் பரீட்சைக்குக் கட்டணம் கட்ட மாமியாரிடம் மூன்று முறை கேட்டு, கடைசி நாளில் என் மனைவிதான் கட்டினாள். அந்த வீட்டின் வருமானம் எவ்வளவோ இருக்கட்டும், அவள் கைக்கு வருவது பூஜ்யம். புருஷன் சம்பளம் பொண்டாட்டிக்குச் சரிபாதி வந்து சேரும் என்று நினைத்து அந்தக் கட்டத்தை எழுதின ஆள் எந்த ஊர்க்காரரோ.

பீடி சுற்றுகிற ஊர்களில் இது இன்னொரு மாதிரி நடக்கும். முக்கூடல் பக்கம் எங்கள் சொந்தத்தில் இரண்டு வீடு. ஒரு வீட்டில் அந்த மைனி தன் பேரில் உள்ள பீடிக் கம்பெனிக் கார்டில் பீடி சுற்றுகிறாள், பி.எஃப். பிடித்தம் எல்லாம் முறையாக உண்டு. பக்கத்து வீட்டில் மாமியார் கார்டில் சுற்றுகிறாள். இரண்டு பேரும் சாயங்காலம் ஒரே கடைக்குத்தான் தட்டைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். முதல் வீட்டுக்காரிக்கு வருமானம் காகிதத்தில் இருக்கிறது, இரண்டாமவளுக்கு இல்லை. யார் வீட்டுப் பட்டதாரிப் பையனுக்கு உதவித்தொகை கிடைத்திருக்கும் என்று நான் சொல்லவே வேண்டாம். ஒழுங்காகக் கணக்கில் வருகிற வேலைக்குப் போனதற்கு அபராதம்.

"வெளிநாட்டுல எல்லாம் இப்படியா?" என்று கேட்பவர்களுக்கு: அங்கேயும் இப்படித்தான், ஆனால் கொஞ்சம் நாகரிகமாக. சித்தி மகள் இங்கிலாந்தில், லெஸ்டரில் நர்ஸ். போய்ப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது, இப்போது அந்த நாட்டுக் குடியுரிமையே வாங்கிவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு ஒரு கிடங்கில் வேலை இருந்தது, போய்விட்டது. போனில் விலாவாரியாகச் சொன்னார். "மச்சான், இங்க ரெண்டு வாசல் இருக்கு."

முதல் வாசலுக்குப் பெயர் நியூ ஸ்டைல் ஜாப்சீக்கர்ஸ் அலவன்ஸ். அவர் சம்பளத்தில் பிடித்த நேஷனல் இன்சூரன்ஸ் என்கிற காப்பீட்டுப் பணத்தை வைத்துக் கொடுப்பது. மனைவி சம்பளத்தையும் பார்ப்பதில்லை, சேமிப்பையும் பார்ப்பதில்லை. அதிகபட்சம் 182 நாள். நம் இ.எஸ்.ஐ. மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வாசல் யுனிவர்சல் கிரெடிட். அதில் கணவன் மனைவி சேர்ந்து ஒரே விண்ணப்பம். கல்யாணம் ஆகாமல் ஒரே வீட்டில் ஜோடியாக இருந்தாலும் அதே கணக்குத்தான், அந்த விஷயத்தில் அவர்கள் அரசாங்கம் நம் ஊர்க் கிழவிகளைவிடக் கறாராகத் துப்புத் துலக்கும். மனைவி சம்பாதிக்கிற ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் குறையும். பிள்ளைகள் இருந்தால் சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுவிட்டு மிச்சத்துக்குத்தான் வெட்டு. இரண்டு பேருக்கும் சேர்த்து 16,000 பவுண்டுக்கு மேல் சேமிப்பு இருந்தால் ஒன்றுமே கிடையாது. வருகிற பணமும் பொதுவாக ஒரே கணக்குக்குத்தான் வரும்.

முதல் ஆறு மாதம் மாப்பிள்ளைக்குப் பணம் வந்தது. அதன் பிறகு இவள் நர்ஸ் சம்பளத்தில் எல்லாம் கரைந்து பூஜ்யம் ஆகிவிட்டது. "இவ ஓவர்டைம் பாத்தா எனக்குப் பகீர்னு இருக்கு மச்சான்" என்றார். சிரித்தோம்.

ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனித்தேன். அங்கே மனைவி சம்பளம் ஏற ஏறத் தொகை படிப்படியாக இறங்குகிறது. இங்கே 72,000 வரை முழுசாக உண்டு, அதற்கு மேல் ஒரு ரூபாய் போனால் ஒன்றுமே இல்லை. படி கிடையாது, கிணறுதான்.

இதைப் பேசினால் உடனே ஒரு ஆள் வருவார். "அப்ப கலெக்டர் பொண்டாட்டிக்கும் 600 ரூபாய் கொடுக்கணுமா?" வேண்டாம் ஐயா. இருப்பது கொஞ்சத் துட்டு, இல்லாதவனுக்குத்தான் முதலில் போக வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எல்லை வையுங்கள். அந்த எல்லை மனிதன் வாழ்கிற அளவுக்கு இருக்கட்டும் என்கிறேன். இதே மாநில அரசு 2023 செப்டம்பர் 15 முதல் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 கொடுக்கிறது. அதற்குக் குடும்ப வருமான வரம்பு இரண்டரை லட்சம். என் மனைவிக்கு இப்போது அது வருகிறது, சந்தோஷம். ஒரே வீடு, ஒரே அரசு. உரிமைத் தொகைக்கு நாங்கள் ஏழை, உதவித்தொகைக்கு வசதியானவர்கள். அந்த இரண்டரை லட்சத்தை இங்கேயும் போட்டால் என்ன குடிமுழுகிவிடும்?

குடும்பத்தை விட்டு ஆளை மட்டும் பார்க்க அரசுக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. இதே திட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பே கிடையாது. பதிந்து ஒரு வருடம் ஆனால் போதும், பட்டதாரிக்கு மாதம் 1,000, 10 வருடம் வரைக்கும். நியாயம். மத்திய அரசு ஓ.பி.சி. இட ஒதுக்கீட்டில் வசதியானவர்களைக் கழிக்க கிரீமிலேயர் பார்க்கும்போதும் விண்ணப்பிக்கிறவரின் கணவன் மனைவி சம்பளத்தைப் பார்ப்பதில்லை, அப்பா அம்மாவைத்தான் பார்க்கிறது, கல்யாணம் ஆன பெண்ணுக்கும் அப்படித்தான். ஆக, யாரை யாரோடு சேர்த்து எண்ணுவது என்பது வானத்திலிருந்து இறங்கி வந்த விதி இல்லை. ஒவ்வொரு ஆபீஸும் அதனதன் சௌகரியத்துக்கு எண்ணிக்கொள்கிறது.

என்னைக் கேட்டால், வேலை போன முதல் ஒரு வருடம் துணையின் சம்பளத்தைத் தொடவே கூடாது. அதற்குப் பிறகு பார்க்கட்டும், படிப்படியாகக் குறைக்கட்டும். பதிந்து ஐந்து வருடம் காத்திருந்தவனுக்கு ஒரு வருடம் 7,200 ரூபாய் கொடுப்பதில் கஜானா காலியாகாது.

எனக்கு 2022-ல் ஒரு உரக்கடை மொத்த வியாபாரத்தில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. 15,000 சம்பளம், இ.எஸ்.ஐ. கிடையாது. போன ஆவணியில் என் மனைவி வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் பில் கவுண்டரைக் குறைத்துவிட்டார்கள். அவள் பி.காம்., பதிவு 2009-லிருந்து நடப்பில் இருக்கிறது, இந்தத் தையில் 40 முடிகிறது. போன வாரம் இ-சேவை மையத்தில் அதே படிவத்தை எடுத்து வந்தாள். நான் சொன்னேன், "விடு, எஞ்சம்பளத்தப் பாத்தா கையெழுத்துப் போட மாட்டாவ." அவள் கேட்கவில்லை. "போட மாட்டோம்னு அவுகளே சொல்லட்டும். நீங்க ஒங்க சம்பளச் சீட்ட எடுங்க" என்றாள். எடுத்துக் கொடுத்தேன்.

படிவம் இன்னும் டிவி மேலேதான் இருக்கிறது. திங்கட்கிழமை போகிறாள். நேற்று அந்த விதைக் கம்பெனி டைரியைத் தேடினேன், பழைய கணக்கை வைத்து இந்தப் பதிவை எழுதலாம் என்று. அவள் தலையணைக்கு அடியில் இருந்தது. என் எழுத்து முடிந்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் அவள் எழுத்து. பூ 20. ஜெராக்ஸ் 6.