ஹஷிமாவில் மர்மம் எதுவும் இல்லை

ஜப்பானின் ஹஷிமா தீவைப் பற்றித் தமிழில் வரும் வீடியோக்களைப் பார்த்தால் எரிச்சல்தான் மிஞ்சுகிறது. இடிந்த மாடிக் கட்டடங்கள், திகில் இசை, மக்கள் விட்டுவிட்டு ஓடிய மர்மத் தீவு என்று ஒரு குரல். அங்கே மர்மம் எதுவும் கிடையாது. மிட்சுபிஷி கம்பெனி நிலக்கரிக்காகக் கட்டிய ஊர் அது. நிலக்கரிக்கு மவுசு போனதும் மிட்சுபிஷியே மூடிவிட்டது. இடையில் நடந்ததைத்தான் நாம் பேச வேண்டும்.

நாகசாகிக்குத் தென்மேற்கே, கடலில் ஒரு பாறைத் திட்டு. பக்கத்துத் தகாஷிமா தீவின் சுரங்கத்தில் ஏற்கெனவே நல்ல காசு பார்த்திருந்த மிட்சுபிஷி, 1890-ல் இதையும் வாங்கியது. சுரங்கக் கழிவைக் கடலில் கொட்டியே தீவைப் பெரிதாக்கினார்கள். சுற்றிலும் அலை தடுப்புச் சுவர் எழுப்பினார்கள். அப்படியும் மொத்தம் 6.3 ஹெக்டேர்தான், பதினாறு ஏக்கர்கூடத் தேறாது. 1959-ல் அதற்குள் 5,259 பேர் குடியிருந்தார்கள்.

இடம் இல்லாததால் ஊர் மேலே மேலே வளர்ந்தது. ஜப்பானின் முதல் பெரிய கான்கிரீட் அடுக்குமாடிக் குடியிருப்பு டோக்கியோவில் எழவில்லை. 1916-ல் இங்கே, சுரங்கத் தொழிலாளிகளுக்காக எழுந்தது. யாருக்கு எந்த வீடு என்பதை வேலைதான் முடிவு செய்தது. மேலாளரின் வீடு பாறை உச்சியில், அலை எட்டாத உயரத்தில். சாதாரணத் தொழிலாளிக்குச் சின்ன அறைகளும் பொதுக் கழிப்பறையும் பொதுக் குளியலறையும். வீடு, கடை, மருத்துவமனை என்று எதைத் தொட்டாலும் கம்பெனியின் நிழல். இறந்தவர்களை எரிக்கக்கூடத் தீவில் இடமில்லை. பக்கத்தில் இருந்த நகாநோஷிமா என்ற இன்னொரு சின்னத் திட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

ஷிஃப்ட் முடிந்து வருபவர்களின் குளியல் முறை ஒன்று போதும், அந்த வேலை எப்படிப்பட்டது என்று சொல்ல. வரிசையாகத் தொட்டிகள். முதல் தொட்டியில் போட்ட துணியோடு இறங்க வேண்டும், அது கடல் தண்ணீர். அடுத்ததும் கடல் தண்ணீர்தான். கடைசித் தொட்டியில்தான் நல்ல தண்ணீர். 1957-ல் கடலுக்கடியில் குழாய் போடும்வரை குடிதண்ணீரே படகில் வந்த ஊர், வேறென்ன செய்வார்கள்? சுரங்கம் கடல் மட்டத்துக்குக் கீழே ஆயிரம் மீட்டர் ஆழம்வரை போனது. முப்பது டிகிரிக்கு மேல் வெக்கை, தொண்ணூற்றைந்து சதவீத ஈரப்பதம், எப்போது வெடிக்கும் என்று தெரியாத வாயு.

அங்கே வளர்ந்தவர்கள் அந்த ஊரைப் பாசத்தோடு நினைவுகூர்கிறார்கள். படகில் மண் கொண்டுவந்து மொட்டை மாடியில் காய்கறி போட்டது, மற்ற ஊர்களுக்கு முன்பே வீட்டுக்கு வீடு டிவி வந்தது, பள்ளிக்கூடம், திருவிழா, சினிமா. அவர்கள் வாழ்ந்த வாழ்க்கை அது. அதைப் பொய் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

ஆனால் அதே கட்டடங்களில் அதற்கு முன் இருந்தவர்களும் உண்டே. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கொரியர்களையும் சீனர்களையும் இழுத்து வந்து இந்தச் சுரங்கத்தில் இறக்கினார்கள். பதினான்கு வயதில் கொண்டுவரப்பட்ட ஒரு கொரியர் பின்னாளில் சாட்சியம் சொல்லியிருக்கிறார்: அந்த உயரமான சுவரைப் பார்த்ததுமே நம்பிக்கை போய்விட்டதாம். கடலைத் தடுக்க எழுப்பிய சுவர் அந்தப் பையனுக்குச் சிறைச் சுவர். அவருடைய அனுபவத்தையும் மொட்டை மாடித் தோட்டத்தையும் ஒரே வரலாற்றில் வைக்க முடியாவிட்டால் அது என்ன வரலாறு?

2015-ல் யுனெஸ்கோ ஹஷிமாவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மெய்ஜி காலத் தொழிற்புரட்சிச் சின்னங்கள் என்ற பெயரில் ஜப்பான் கொடுத்த 23 இடங்களில் இதுவும் ஒன்று. அதற்கான கால எல்லை 1850-களிலிருந்து 1910 வரை. சுற்றுலாப் பயணிகள் ஓடி ஓடிப் படம் எடுக்கும் அந்தக் கான்கிரீட் கட்டடங்கள் எல்லாமே 1910-க்குப் பிறகு வந்தவை! கட்டாய உழைப்பும் அந்த எல்லைக்கு வெளியே போய்விடுகிறது. தேதியை அங்கே நிறுத்தியது வசதிக்காகத்தான் என்பது என் கருத்து.

விருப்பத்துக்கு மாறாகப் பலர் கொண்டுவரப்பட்டுக் கடுமையான நிலையில் வேலை வாங்கப்பட்டார்கள் என்பதைப் புரியவைப்போம் என்று பட்டியலில் சேர்த்த யுனெஸ்கோ கூட்டத்திலேயே ஜப்பான் ஒப்புக்கொண்டது. அப்புறம் 2020-ல் டோக்கியோவில் ஒரு தகவல் மையம் திறந்தார்கள். தீவு இருப்பது நாகசாகியில், மையம் டோக்கியோவில்! அங்கேயும் கட்டாய உழைப்பைப் பற்றிய பகுதி போதவில்லை என்று 2021-ல் யுனெஸ்கோ குழுவே கடுமையாக வருத்தம் தெரிவித்தது.

கம்பெனி என்ன செய்தது? அந்தச் சுரங்கக் கம்பெனியின் இன்றைய வாரிசான மிட்சுபிஷி மெட்டீரியல்ஸ், வேறு சுரங்கங்களில் வேலை வாங்கிய அமெரிக்கப் போர்க் கைதிகளிடம் 2015-ல் மன்னிப்புக் கேட்டது. 2016-ல் சீனத் தொழிலாளர்களோடு ஒப்பந்தம் போட்டு, ஆளுக்கு ஒரு லட்சம் யுவான் தர ஒப்புக்கொண்டது. கொரியர்கள் விஷயத்தில் மட்டும் தென்கொரியாவோடு போட்ட 1965 உடன்படிக்கையோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று ஜப்பான் அரசு சொல்லிக்கொண்டிருக்கிறது. ஒரே முதலாளி, ஒரே கொடுமை. மன்னிப்பு மட்டும் எப்படி நாட்டுக்கு நாடு மாறும்?

மூடிய கதையும் இதே தோரணைதான். நாடு எண்ணெய்க்கு மாறியது, 1974 ஜனவரியில் சுரங்கம் மூடப்பட்டது, ஏப்ரலுக்குள் ஒருவர்கூட மிச்சமில்லை. தலைமுறைகளாகக் குடியிருந்த ஊரிலும் தங்கிவிட யாருக்கும் வழியில்லை, ஏனென்றால் ஊரே கம்பெனியுடையது.

2009 முதல் சுற்றுலாப் பயணிகள் தீவில் இறங்க அனுமதி உண்டு. போகிறவர்கள் போகட்டும், தாராளமாகப் படம் எடுக்கட்டும். ஆனால் படகு ஏறும் நாகசாகித் துறையிலேயே அந்தக் கொரியர்களின், சீனர்களின் சாட்சியங்களைப் பெரிய எழுத்தில் வைக்க வேண்டும். நம் வீடியோக்காரர்களும் திகில் இசையை நிறுத்திவிட்டு அதை வாசித்துக் காட்டட்டும்.