மில்லை மால் ஆக்கட்டும், ஆனால் ஒரு ரிங் ஃபிரேம் ஓடட்டும்

மதுரையில் மூடிக் கிடக்கும் பழைய நூல் மில்களைப் பம்பாய் மாதிரி மாலும் கலைக்கூடமுமாக ஆக்கினால் என்ன என்று எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் நேற்று ஒரே சண்டை. ஆக்கட்டுமே. இடித்து பிளாட் போட்டு விற்பதற்கு இது எவ்வளவோ மேல்.

மதுரைக்காரர்களுக்கு இது புதுசும் இல்லை. திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்குக் கட்டிய புதுமண்டபத்தில்தானே பள்ளிக்கூடச் சட்டை தைத்தோம், புத்தகம் வாங்கினோம்? (சிற்பங்களை மறைத்துத் துணி தொங்கவிட்டதும் நாம்தான், சரி.) தமுக்கம் அரண்மனை 1959 முதல் காந்தி மியூசியம். ஆள் நடமாட்டம் இருந்ததால்தான் இரண்டும் நிற்கின்றன.

என் பயம் வேறு. அப்பா முப்பத்தோரு வருஷம் மில்லில் சைடர், அதாவது நூல் நூற்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவர். பம்பாயில் அக்கா வீட்டுக்குப் போனபோது, மில் இருந்த இடத்தில் கட்டிய ஒரு மாலுக்கு அவரைக் கூட்டிப்போனோம். வாசலில் அண்ணாந்து பார்த்தவர், "சிம்னி இருக்கு, மில்லு எங்கடா?" என்றார். 1982 மில் வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் பேர் வெளியே வந்த ஊர் அது. அவர்களைப் பற்றி ஒரு பலகைகூட என் கண்ணில் படவில்லை.

இங்கிலாந்தில் சால்ட்ஸ் மில் என்ற துணி மில் 1853-இல் திறந்து 1986-இல் நின்றுபோனது. மறுவருஷம் ஜொனாதன் சில்வர் என்ற தொழிலதிபர் அதை வாங்கி, ஓவியர் டேவிட் ஹாக்னியின் ஓவியங்களை மாட்டினார். புத்தகக் கடை, சாப்பாட்டுக் கடை எல்லாம் வந்தன. கட்டடம் மில்லாகவே நிற்கிறது.

இங்கே அதற்கு மேலும் ஒன்று கேட்பேன். நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் இயந்திரம் ஒன்றாவது ஓட வேண்டும். இழை அறுந்தால், நூல் சுற்றும் கதிரை (ஸ்பிண்டிலை) முழங்காலால் அழுத்தி நிறுத்தி, கண்மூடித் திறப்பதற்குள் விரலால் பிணைப்பார்கள். அதைச் செய்த கைகள் இன்னும் மில் தொழிலாளர்கள் குடியிருக்கும் ஹார்விப்பட்டியிலும் பொன்னகரத்திலும் இருக்கின்றன. அப்பா இப்போதும் துணிக்கடையில் ஓரத்து இழையை உருவி உருட்டிப் பார்த்து, "நாப்பதாம் நம்பரு" என்று நூலின் கனத்தைச் சொல்வார். அப்படிப்பட்டவர்களைச் சம்பளத்துக்குக் கூப்பிடுங்கள். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறவர்களுக்கும் கட்டுபடியாகிற வாடகையில் கடை கொடுங்கள்.

அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் வேலை பார்த்த காலத்தில் நூல் அறாமல் இருக்க ஷெட்டுக்குள் ஈரத்தை ஏற்றி வைப்பார்களாம், சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டுமாம். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அப்ப ஏசி போட்டுருவாங்களா?"